கடனில் இருந்த தம்பியின் பெயர்

ஐயாசாமி மாமா எந்தக் காகிதத்தையும் உடனே நம்பமாட்டார். பண்டார் தெங்காரா பக்கத்து ஆலைகளிலிருந்து செம்பனை எண்ணெயை ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு டேங்கர் லோரி ஓட்டுகிறவர் அவர். ஆலைக்குள் காலியாக நுழையும்போது லோரியை ஒருமுறை எடை போடுவார்கள். நிரம்பி வெளியே வரும்போது இன்னொரு முறை. அந்த எடை மேடையை அவர்கள் மலாயில் திம்பாங் என்பார்கள். இருபத்தாறு வருடமாக அந்த இரண்டு சீட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தவருக்கு உலகத்தையே அப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

“உள்ள வரும்போது என்ன கனம், வெளிய போகும்போது என்ன கனம். நடுவுல இருக்கிறதுதான் எண்ணெய். மத்ததெல்லாம் பேச்சு” என்பார்.

மாமா என் அம்மாவின் சித்தப்பா மகன். நான் பாலோ பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பட்டமளிப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. செனாயில் வேலை கிடைத்ததும் கூலாயில் இருக்கும் மாமா வீட்டில் தங்கிக்கொண்டேன். நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். பொட்டலத்தில் அடைத்த தேங்காய்ப்பால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வேன். ஆனால் பட்டம் என்றால் எங்கள் குடும்பத்துக்கு எல்லாப் பட்டமும் ஒன்றுதான். மருத்துவமனைக் கடிதம், சாலைவரிப் படிவம், பள்ளிக்கூடச் சுற்றறிக்கை எல்லாம் என்னிடம்தான் வரும்.

சென்ற அக்டோபரில் வங்கிக் கடிதமும் அப்படித்தான் வந்தது.

“ரூபன், நீ படிச்சவன்லா. இது என்னான்னு பாரு.”

இரண்டுமுறை படித்தேன். “மாமா, வீட்டுக் கடனுக்கு அஞ்சு வருஷம் வட்டி மாறாதுன்னு சொல்லியிருந்தாங்கல்ல? அது இந்த மாசத்தோட முடியுது. இனிமே மாறுற வட்டி. இப்ப ஆயிரத்து முப்பது கட்டுறீங்க. அடுத்த மாசத்திலேருந்து ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தி மூணு.”

“அது எப்படி? சித்திரையிலதான் பால் காய்ச்சினோம். இன்னும் ஆறு மாசம் இருக்கே.”

அவர் ஐந்து வருடத்தையும் பால் காய்ச்சிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். வங்கியோ, வீட்டை விற்றவருக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணியிருந்தது. நடுவில் நோய்த்தொற்றுக் காலம். நாலு பேர் கூடக்கூடாது என்று இருந்ததால் ஆறு மாதம் வீடு பூட்டியே கிடந்திருக்கிறது.

“காலி வீட்டுக்கும் சேர்த்தா எண்ணினான்?”

“பேங்க் பாலெல்லாம் பார்க்காது மாமா.”

அடுப்படியிலிருந்து செல்லம் அத்தையின் குரல் வந்தது. “அன்னைக்கே பால் ஒரு பக்கமாத்தான் பொங்குச்சு. நான் சொன்னேன், யாரு கேட்டீங்க?”

“நீ அடுப்பைச் சாய்ச்சு வச்சிருந்த. அதுக்குப் பேங்க் என்ன பண்ணும்?”

மாதம் நூற்று அறுபத்து மூன்று வெள்ளி, அதாவது ரிங்கிட், கூடுதல். வேறு வங்கிக்கு மாறினால் வட்டி குறையும் என்று லோரி நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். மாறாமல், இப்போது இருக்கிற வங்கியிடமே பேசினால் குறைப்பார்கள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். பட்டதாரி என்ற தைரியத்தில் பழைய வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்தார். நாங்கள் போய்விடுவோம் என்றதும் வட்டியைக் கொஞ்சம் இறக்கினார். ஆயிரத்து நூற்று அறுபத்தைந்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பார்த்தீங்களா மாமா!”

“சரி, அந்த இன்னொரு பேங்க்கையும் கேட்டுடலாம்” என்றார் மாமா. ஒரு சீட்டை மட்டும் வைத்து அவர் எதையும் முடிவு செய்ததில்லை.

புதிய வங்கியின் கடன் அதிகாரி மெலிசா. பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பெரிய கால்குலேட்டர். கணக்குப் போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“ஆயிரத்து நூத்தி அறுபது அங்கிள். வக்கீல் செலவு, வீட்டு மதிப்பீட்டுச் செலவு எல்லாம் இதுக்குள்ளயே அடங்கிடும். முப்பது வருஷம்.”

“அங்க அறுபத்தஞ்சு. இங்க அறுபது” என்றார் மாமா. “அஞ்சு வெள்ளிக்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் ஊத்தி வந்தோம்? அலமாக்!”

மெலிசா சிரித்துவிட்டார். “ரெண்டு தே தாரிக் குடிக்கலாம்லா அங்கிள். ஆனா பழைய கடன் பேப்பர்ல இருக்கிற மாதிரியே உங்க தம்பியும் வந்து சைன் பண்ணணும். உங்களுக்கு அம்பது வயசு. எழுபது வரைக்கும்தான் கடன் குடுப்போம். அவர் பேரும் இருக்கிறதாலதான் முப்பது வருஷம்.”

தம்பி என்றால் செல்வா. மாமாவைவிடப் பதினோரு வயது இளையவர், தினமும் எல்லை தாண்டிப் போய்வந்து சிங்கப்பூரில் குளிர்சாதனம் பொருத்தும் வேலை. ஐந்து வருடத்துக்கு முன் மாமாவின் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து எந்த வங்கியும் கடன் தரவில்லை. அப்போது செல்வா தன் பெயரையும் கொடுத்தார். வீட்டுப் பத்திரத்தில் அவர் இல்லை, கடனில் மட்டும் இருந்தார். கட்டுவது முழுக்க மாமா.

மெலிசா பேச்சுவாக்கில் கேட்டார். “அவருக்குச் சொந்தமா வீடு இருக்கா அங்கிள்?”

“இல்ல. ஜோகூர் பாருல வாடகை வீடு.”

“வாங்கணும்னா கஷ்டம்தான். எந்த பேங்க் போனாலும், இந்தக் கடன் முழுசும் அவர் தலைமேலயும் இருக்கிற மாதிரிதான் பார்ப்பாங்க.”

“அவன் ஒரு காசு கட்டலையேம்மா. நான்தானே கட்டுறேன்.”

“யாரு கட்டுறாங்கன்னு சிஸ்டம் பார்க்காது அங்கிள். யாரு பேருன்னுதான் பார்க்கும்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். எனக்கும் இது தெரியாது.

“நான் மட்டும் சைன் பண்ணா?” என்று கேட்டார் மாமா. மெலிசா பயணப்படியோடு சேர்ந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு மறுபடி தட்டினார். “இப்ப உங்க சம்பளம் தாங்கும் அங்கிள். ஆனா இருபது வருஷம்தான். மாசம் ஆயிரத்து நானூத்தி எண்பது.”

வீடு திரும்பும் வழி முழுக்க மாமா வானொலியைப் போடவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகு, “பேருதானேன்னு நினைச்சேன்டா” என்றார்.

அந்தப் பெயருக்கு அவர் ஒரு விலை வைத்துத்தான் இருந்தார். ஆனால் அது அவராக வைத்த விலை. மூன்று அறை வீட்டில் ஒரு அறை மாமாவுக்கும் அத்தைக்கும். ஒன்று பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் பிரவீனாவுக்கு. மூன்றாவது, செல்வா அறை. கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அத்தை அதைக் கூட்டித் துடைப்பார். செல்வா அங்கே படுப்பது வருடத்துக்கு ஓர் இரவு, தீபாவளிக்கு முந்தின நாள். மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் அறை காலி. பட்டதாரியாகிய நான் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். வந்த புதிதில் ஒருமுறை கேட்டுப்பார்த்தேன். “அது அவன் பேரு குடுத்த ரூம்” என்றார் மாமா. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மெலிசாவைப் பார்த்துவிட்டு வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்தோம். மாமா தன் கேள்வியைக் கேட்டார். “மாசம் மாசம் எவ்வளவுன்னு சொல்லாத. கடைசியில வெளிய போகும்போது மொத்தம் என்ன கனம்?”

பழைய வங்கியிலேயே மிச்சமுள்ள முப்பது வருடமும் இருந்தால் இனிக் கட்டுவது மொத்தம் நான்கு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். இரண்டு பெயரில் மாறினாலும் ஏறக்குறைய அதேதான். தனியாக மாறினால் மூன்று லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம். வட்டி நடுவில் ஏறலாம், இறங்கலாம் என்பதை ஓரத்தில் எழுதிவைத்தேன்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “மாசம் முந்நூறு கூடக் கட்டினா, மொத்தத்தில அறுபதாயிரம் குறையுதா?”

“ஆமா மாமா. சீக்கிரம் முடியுதுல்ல.”

“கூடக் கட்டினா குறையுது, குறையக் கட்டினா கூடுது. இது என்ன திம்பாங்டா?”

என்னால் விளக்க முடிந்தது. ஆனால் எது சரி என்று சொல்ல முடியவில்லை. தனியாகப் போனால் எழுபது வயது வரை மாதம் ஆயிரத்து நானூற்று எண்பது. இப்போது கொடுக்கும் ஆயிரத்து முப்பதுக்கே அத்தை பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் தேய்க்கிறார். அடுத்த வருடம் பிரவீனா கல்லூரி. ஐம்பத்தைந்தில் சேமநிதிப் பணம் வரும், அதில் கொஞ்சம் கடனில் போடலாம். அதுவரை மாமாவின் முதுகு தாங்க வேண்டும். போகாமல் இருந்தால் தம்பி கட்டுண்டு கிடப்பார். ஆனால் தம்பிக்கு உண்மையில் வீடு வாங்கும் எண்ணம் உண்டா? அதுவே எங்களுக்குத் தெரியாது.

பழைய வங்கியை மறுபடி கூப்பிட்டு, அங்கேயே ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். அது புது விண்ணப்பம் மாதிரிதான், அதே எழுபது வயதுக் கணக்குத்தான், வட்டியும் இதைவிடக் கூடும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வாவைச் சாப்பிட வரச்சொன்னார் மாமா. அவர் மனைவி சாந்தினிக்கு வேலை. அவர் மட்டும் வந்தார். கோழிக் குழம்பு, சம்பல், ரசம். மாமா சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

“வீடு கீடு பார்க்கிறியாடா?”

“இல்லண்ணே. வாடகை வீடே போதும். லிஃப்ட் இருக்கு.”

“லிஃப்ட்டையா கட்டிக்கிட்டு அழப்போற? ஒண்ணு சொல்றேன், கேளு. இந்த வீட்டுக் கடனை வேற பேங்க்குக்கு மாத்துறேன். என் பேர்ல மட்டும்.”

செல்வா சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தார். “என் பேரை எதுக்குண்ணே எடுக்கிறீங்க?”

“உனக்குத் தொல்லையா இருக்கும்லா.”

“யாரு சொன்னா தொல்லைன்னு? நான் சொன்னேனா? அஞ்சு வருஷம் பேரு வேண்டியிருந்திச்சு. இப்ப சம்பளம் ஏறிடுச்சு, தம்பி வேணாம்.”

“டேய், புரியாம பேசாத.”

“எனக்கு நல்லாப் புரியுது. தீபாவளிக்கு அந்த ரூம்ல பெட்ஷீட் மாத்தி வைப்பீங்க. இனிமே எங்க படுக்கிறது? லாட்ஜ் போடவா?”

“ஒருநாள் படுக்கிறவனுக்கு வாய் மட்டும் வருஷம் முழுக்க” என்றார் அத்தை. பிறகு ரசக் கிண்ணத்தைச் சத்தமாக வைத்தார். “தம்பி, நடிச்சது போதும். போன வருஷம் அப்பார்ட்மெண்ட் கேட்டு, பேங்க்ல முடியாதுன்னுட்டாங்கன்னு சாந்தினி சொல்லிட்டா. இந்தக் கடனாலதான்.”

மாமா அத்தையைத்தான் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. நான் என்ன பண்ண?”

“ஒரு வருஷமா அந்த ரூமைக் கூட்டிக்கிட்டு, வாயத் திறக்காம இருந்திருக்க.”

“திறந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? வீட்டை வித்திருப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?”

செல்வா கையைக் கழுவிவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. “அண்ணே, அண்ணனுக்குக் குடுத்த பேரைத் திருப்பி வாங்கின ஆளுன்னு நாலு பேர் பேசணுமா? நான் சைன் பண்ணமாட்டேன்.” பழைய கடனை முடிக்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாயசம் ஆறியது.

அன்று மாலை மாமா என்னிடம், “நீ சொல்லுடா. படிச்சவன். எது சரி?” என்றார்.

என் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் அவ்வளவு சிறியவனாக இருந்ததில்லை. மூன்று பத்தியில் கணக்கு வைத்திருந்தேன். தம்பியின் கோபத்தை எந்தப் பத்தியில் போடுவது? போன வருடம் அவருக்குக் கிடைக்காமல் போன அப்பார்ட்மெண்டை எதில் கழிப்பது? “தெரியல மாமா” என்றேன். அவர் தலையாட்டினார். ஏமாந்தவர் மாதிரி தெரியவில்லை. துணைக்கு ஆள் கிடைத்தவர் மாதிரி இருந்தது.

மறுநாள் ஓய்வு நாளாக இருந்ததால், புதிய வங்கியின் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு தனி ஆளாகவே நிரப்ப ஆரம்பித்தார். மாமா பெரிய எழுத்தில்தான் எழுதுவார், கட்டத்துக்கு ஓர் எழுத்து. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது என்னடா?”

அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தது. உடன் வசிக்காத நெருங்கிய உறவினர். பெயர், உறவு, தொலைபேசி, முகவரி.

“இதுல ஒருத்தன் பேரைப் போட்டா, அவனுக்கு வேற பேங்க்ல ஏதாவது தட்டுமா?”

எனக்குச் சந்தேகம். ஒருமுறை சூடுபட்டவன் என்பதால் மெலிசாவைக் கூப்பிட்டேன். “அய்யோ, அது சும்மா போன் நம்பருக்குத்தான் ப்ரோ. கடனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார். மாமா ஒலிபெருக்கியில் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிறகு தம்பியின் பெயரை எழுதினார். உறவு என்ற இடத்தில் தம்பி என்பதற்கான மலாய்ச் சொல்லை எழுதினார். தொலைபேசி எண் மனப்பாடம். முகவரியில் பேனா நின்றது. செல்வா வாடகைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. எப்போதும் தம்பிதான் இங்கே வருவார். அந்த வீட்டின் எண் மாமாவுக்குத் தெரியாது.

கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“உன் வீட்டு அட்ரஸ் சொல்லு.”

“எதுக்கு?”

“பேங்க்ல கேக்கிறான். எனக்கு ஏதாவது ஆனா யாரைக் கூப்பிடறதுன்னு.”

அந்தப் பக்கம் வாகனச் சத்தம் இரைந்தது. அதற்கு நடுவே செல்வா புளோக், மாடி, வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா கட்டம் கட்டமாக எழுதினார். எழுதி முடித்ததும் அந்த இரைச்சலிலேயே திருப்பிப் படித்துக் காட்டினார். பிறகு போனை வைத்துவிட்டார்.

நவம்பரில் கடன் ஒப்புதல் வந்தது. பதினான்கு நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தில் செல்வா கையெழுத்துப் போடாவிட்டால் எதுவும் நகராது. ஒன்பது நாள் போயிற்று. மாமா அவரைக் கூப்பிடவில்லை. “கேட்டா மறுக்கத்தான் தோணும்” என்றார். அத்தை மூன்றுமுறை சாந்தினியைக் கூப்பிட்டார், மூன்றுமுறையும் சமையல் பற்றித்தான் பேசினார். நான் மட்டும் தினமும் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தனியாகப் போவது சரி என்று தோன்றும். மறுநாள் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு லோரியிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் பழைய வங்கியே போதும் என்று தோன்றும்.

பன்னிரண்டாம் நாள் மாலை செல்வா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“அந்தப் புது பேப்பரைக் காட்டுங்க.”

ஒப்புதலோடு கையெழுத்துக்குத் திரும்பி வந்திருந்த விண்ணப்ப நகலையும் சேர்த்து மாமா கொண்டுவந்தார். செல்வா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடன் வாங்குபவர் என்ற இடத்தில் ஒரே பெயர். அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் நின்று படித்தார்.

“வீட்டு நம்பர் தப்பு” என்றார். “பன்னெண்டு இல்ல, இருபத்தொண்ணு.”

“நீதான் பன்னெண்டுன்ன.”

“பைக் சத்தத்துல நீங்க கேட்டது அப்படி.” பேனாவை வாங்கி அவரே அடித்துத் திருத்தினார். திருத்தத்தின் பக்கத்தில் மாமா தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார். பிறகு செல்வா கேட்டார். “ஆயிரத்து நானூத்தி எண்பது கட்ட முடியுமாண்ணே?”

“தெரியலடா.”

“முடியாம போனா?”

“அப்ப உன் நம்பருக்குத்தானே போன் வரும்.”

செல்வா சிரிக்கவில்லை. பழைய வங்கிக்கான கடிதத்தை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அத்தை உள்ளே போய் மூன்று பேருக்கும் தட்டு வைத்தார்.

எல்லாம் முடிந்து பிப்ரவரியில் புதிய தவணை ஆரம்பித்தது. மாமா வாரத்தில் ஒரு நடை கூடுதலாக ஓட்டுகிறார். சரியான முடிவுதானா என்று யாராவது என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வட்டி இன்னும் அரை விழுக்காடு ஏறினால் என் கணக்கில் ஒரு விடை, இறங்கினால் வேறொரு விடை. செல்வாவும் சாந்தினியும் வீடு பார்க்கிறார்கள். இன்னும் எதுவும் அமையவில்லை.

போன வாரம் செல்வா இங்கே வந்திருந்தபோது அவர் தொலைபேசி ஒலித்தது. புதிய வங்கி. தீக் காப்புறுதி பற்றி ஏதோ கேட்க மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் செடெனாக் பக்கம் லோரியில் இருந்ததால் எடுக்கவில்லை. அதனால் இவருக்கு வந்திருக்கிறது. செல்வா எழுந்து நின்றுகொண்டார். வாயில் இருந்த முறுக்கை அவசரமாக விழுங்கினார்.

“ஆமா, தம்பிதான் பேசுறேன். அண்ணன் லோரி ஓட்டிக்கிட்டு இருக்காங்க. இல்ல, பரவால்ல, என்கிட்ட சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

என் பக்கம் கையை நீட்டிப் பேனா கேட்டார்.